பட்டாணி சூப் பச்சை

மேரின் சிட்டி, மிச்சிகன்
ஏப்ரல் 9, 2006

அன்புள்ள பெர்னி அக்காவுக்கு,

நார்ப் எழுதுகிறேன். நானும் ரீட்டாவும் சௌக்கியம். என் இடுப்பு மட்டும் எப்போதும் போல மக்கர் பண்ணுகிறது. கப்பலில் ஏறிய பிறகு உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? அந்தச் சமையலறைப் படிகளில் பார்த்து இறங்கு.

ஏன் கடிதம் என்று கேட்பாய். ஏரி நடுவில் உன் போனுக்குச் சிக்னல் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் இரண்டாவது நிமிஷத்தில் நீ வைத்துவிடுகிறாய். கடிதத்தை முழுக்கப் படித்துத்தான் ஆகவேண்டும். உன் கப்பல் டெட்ராய்ட்டைத் தாண்டும்போது தபால் படகு வந்து வாளியில் ஏற்றிவிடும்.

உன் பான்டியாக் கார் இந்தக் கோடையில் ஓடும். இரண்டு வருஷமாக நீ கேட்டுக்கொண்டிருந்த பதில் இதுதான். தகர வேலை முடிந்தது. துருப்பிடித்த தரையை வெட்டி எறிந்துவிட்டுப் புதுசு வைத்தாயிற்று. என் கணக்கு எளிது. வெளியே பார்க்கிறவனுக்கு 1969. இருக்கை உறை, ரேடியோ முகப்பு, கதவுப் பிடி, ஒரு திருகுகூட மாறாது. உள்ளே எல்லாம் 2006. கார்புரேட்டர் இல்லாத புது எஞ்சின், நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், ஆட்டோமேட்டிக் கியர். சாவி போட்டால் முதல் தடவையே கிளம்பும், மழையிலும் பிரேக் போட்டால் நிற்கும், வளைவில் படகு மாதிரி சாயாது. உன் பழைய எஞ்சினைக் கழற்றி மூலையில் தார்ப்பாய் போட்டு வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் மூன்றாவது சனிக்கிழமை வுட்வர்ட் சாலையில் பழைய கார்கள் ஊர்வலம். நீ விடுப்பு எடுத்து வந்து ஓட்டப்போகிறாய். உன் சட்டம் எனக்கு மனப்பாடம்: யார் வேண்டுமானாலும் தொடலாம், துடைக்கலாம், வுட்வர்ட் சாலையில் மட்டும் உன்னைத் தவிர வேறு யாரும் ஓட்டக் கூடாது. முப்பத்தேழு வருஷமாக நான் பக்கத்து இருக்கைதான்.

இப்போது ஒரு முடிவு வேண்டும். இதோடு இரண்டு நிறத்தகடு வைத்திருக்கிறேன். இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று ஒட்டியிருக்கிறேன், பார்த்தாலே தெரியும். ஒன்று வண்டி புதுசாக வந்தபோது இருந்த பச்சை. இன்னொன்று, நீ ஹாம்ட்ராமிக்கில் கொண்டுபோய் அடித்துக்கொண்ட கரும்பச்சை. நீ எதைச் சொல்வாய் என்று எனக்குத் தெரியும். ஆனால் இருக்கை உறை விஷயத்தில் உன்னைக் கேட்காமல் செய்து வாங்கிய திட்டு போதும், உன் வாயால் சொல்லாமல் தொடமாட்டேன். ஒரு வார்த்தை எழுது.

ரீட்டா கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். "அந்த வண்டிய கட்டிக்கிட்டிருக்கலாம்ல, என்னை எதுக்குக் கட்டுன" என்றும் சொன்னாள். அதை எழுத வேண்டாம் என்றாள், எழுதிவிட்டேன்.

அன்புத் தம்பி,
நார்ப்


ஹார்லன் டில் கப்பல், சுபீரியர் ஏரி
மே 2

நார்ப்,

நலமாக இருக்கிறேன். முட்டி அப்படியேதான். கப்பல் ஆடுகிறது, அதனால் தடிமனான பேனாவில் பெரிசு பெரிசாக எழுதுகிறேன், கிண்டல் பண்ணாதே. இரண்டாவது சமையல்காரி டெல்ஃபீன் இந்த வருஷமும் என்னோடுதான். இருபத்திரண்டு ஆம்பளைகளுக்கு மூன்று வேளை, நடுவில் கேக் வேறு. அவர்கள் சாப்பிடுகிற சாப்பாட்டில் கப்பல் மூழ்காமல் இருப்பதே ஆச்சரியம்.

ஆட்டோமேட்டிக் கியரா? யாரைக் கேட்டாய்? அந்த நாலு கியர் கம்பியைப் பிடித்துத்தான் வுட்வர்டில் ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் பசங்களுக்கு வால் விளக்கைக் காட்டினேன். அப்போதும் நான் மீட்டரைப் பார்த்ததே கிடையாது. எஞ்சின் சத்தம் ஒரு இடத்துக்கு ஏறும், உள்ளங்கை தானாகக் கம்பியைத் தள்ளும், அவ்வளவுதான். உன் ஆட்டோமேட்டிக்கில் நான் என்ன பண்ண? கையை மடியில் வைத்துக்கொண்டு ஜெபம் சொல்லவா?

சரி, உன் கடிதத்துக்கு வருகிறேன். இடது தகடு.

போட்டோ அனுப்பாதே, இங்கே ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது. எழுதி அனுப்பு. முக்கியமாக, எப்படிச் சத்தம் போடுகிறது என்று எழுது. அந்த உறுமல் இருக்கிறதா? சிவப்பு விளக்கில் நின்றால் கண்ணாடி நடுங்குகிறதா?

ரீட்டாவிடம் சொல், அவள் சொன்னது சரிதான் என்று.

பெர்னி


மேரின் சிட்டி
மே 28

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நினைக்கிறேன்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ரீட்டாவையும் படிக்கச் சொன்னேன். இடது தகடு என்றுதான் இருக்கிறது. கடை விளம்பரம் மாதிரி அவ்வளவு பெரிய எழுத்தில் இருந்தால் தவறாகப் படிக்கவும் வழியில்லை. அக்கா, அந்த நிறத்தை நீ முப்பது வருஷமாகப் பட்டாணி சூப் என்று திட்டியிருக்கிறாய். "யாரோ வாந்தியெடுத்த மாதிரி இருக்கு" என்று சொல்லித்தான் முதல் சம்பளத்திலேயே ஹாம்ட்ராமிக்குக்கு ஓட்டிப் போனாய். இப்போது அதுதான் வேண்டும் என்கிறாய். வயதானால் மனசு பழசுக்குப் போகும் என்கிறார்களே, அதுவாக இருக்கும் என்று ரீட்டா சொன்னாள்.

நீ சொன்னாய், நான் அடித்துவிட்டேன். நாலு பூச்சு, நடுவில் தண்ணீர் விட்டுத் தேய்ப்பு, மேலே பளபளப்பு. முகம் பார்க்கலாம். ஆனால் முகம் பட்டாணி சூப்பில் மிதக்கிற மாதிரி இருக்கிறது.

சத்தத்தைக் கேட்டிருந்தாய். இதைப் பெருமையாகவே சொல்கிறேன்: சத்தமே இல்லை. எஞ்சினை ஓடவிட்டு, மேல் மூடியில் ஒரு காசை விளிம்பில் நிறுத்தினேன். விழவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வந்து, "எப்ப ஸ்டார்ட் பண்ணப் போற" என்று கேட்டார். ஓடிக்கொண்டுதான் இருந்தது.

உன் பழைய கியர்பெட்டியை இப்சிலாண்டியில் எல்ஜின் என்பவருக்குக் கொடுத்துவிட்டேன். அவர் அதே மாதிரி வண்டி ஒன்று வைத்திருக்கிறார். கோபித்துக்கொள்ளாதே. ஆட்டோமேட்டிக்கில் ஒரு தடவை உட்கார்ந்து பார், பிறகு பேசு.

விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டாயா?

உன் தம்பி,
நார்ப்


ஹார்லன் டில், மார்க்கெட் துறைமுகம்
ஜூன் 18

நார்ப்,

சுகம். இங்கே தாதுக்கல் ஏற்ற நாலு கப்பல் வரிசையில் நிற்கிறது. காத்திருக்கிற நேரத்தில் கரைக்குப் போய் ஒரு வேலை முடித்து வந்தேன்.

பட்டாணி சூப் இருந்துவிட்டுப் போகட்டும். நிறம் நிறம் என்று என்ன இருக்கிறது? விட்டுத்தள்ளு.

கியர்பெட்டியை விற்றது தப்பு. அதைக் கேட்டுவிட்டுச் செய்திருக்கலாம்.

காசு விழவில்லை என்று எழுதியிருக்கிறாய். அந்த வண்டியில் அப்போது நாணயம் நின்றிருந்தால் நான் அதை வாங்கியே இருக்கமாட்டேன்.

விடுப்பு பற்றிப் பிறகு எழுதுகிறேன். ரீட்டாவைக் கேட்டதாகச் சொல். உன் இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

பெர்னி


மேரின் சிட்டி
ஜூலை 16

பெர்னி அக்காவுக்கு,

நலமா என்று கேட்க வேண்டும், கேட்கிறேன். ஆனால் உன்னை என் கண்ணாலேயே பார்த்துவிட்டேன், நன்றாகத்தான் இருக்கிறாய்.

நேற்று மாலை உன் கப்பல் ஆற்றின் வழியாகக் கீழே வருகிறது என்று துறைமுக இணையப் பக்கத்தில் பார்த்தேன். வண்டியை முதல் தடவையாக வெளியே எடுத்து, ஆற்றங்கரைப் பூங்காவில் கரையை ஒட்டி, மூக்கு தண்ணீர்ப் பக்கம் இருக்கும்படி நிறுத்தினேன். உனக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று எழுதவில்லை. மீன் பிடிக்கிறவர்கள், ஐஸ்கிரீம் தின்கிறவர்கள் என்று கூட்டம் சேர்ந்துவிட்டது. ஒருவர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, "எல்லாம் ஒரிஜினலா?" என்றார். "கண்ணுக்குத் தெரியிறதெல்லாம்" என்றேன். அதைத்தான் இரண்டு வருஷமாகக் கேட்கக் காத்திருந்தேன்.

கப்பல் வந்தது. நீ பின்பக்கம் சமையலறைக் கதவுக்கு வெளியே, வெள்ளை ஏப்ரனோடு, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாய். அந்த இடத்தில் ஆறு எவ்வளவு குறுகல் என்று உனக்கே தெரியும், முகம் தெரிகிற தூரம். முன்விளக்கை அணைத்து அணைத்துப் போட்டேன். கூரைமேல் தட்டினேன். கையை ஆட்டினேன். நீ நேராக என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய். ஒரு கை தூக்கவில்லை. கப்பல் போகும்வரை பார்த்துக்கொண்டே போனாய்.

தூண்டிலோடு நின்ற கிழவர் ஒருவர், "யாருப்பா அது?" என்றார். "எங்க அக்கா" என்றேன். "உனக்குத்தான் அக்கா, அவங்களுக்கு நீ தம்பி இல்ல போலருக்கே" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

கியர்பெட்டிக் கோபமா? நிறத்துக் கோபமா? நிறம் நீ சொன்னது. என்ன தப்பு பண்ணினேன் என்று சொல்லிவிட்டாவது முகத்தைத் திருப்பிக்கொள். வேலைக்குப் போன நாள் போக மிச்ச நாளெல்லாம் இந்தத் தகரத்தோடு கிடந்திருக்கிறேன். ஒரு கை தூக்கியிருந்தால் குறைந்தா போயிருப்பாய்?

நார்ப்


ஹார்லன் டில், ஹ்யூரான் ஏரி
ஜூலை 30

நார்ப்,

அந்த நேரத்தில் எனக்கு அடுப்பில் வேலை. நீ பார்த்தது டெல்ஃபீனாக இருக்கும். அவளுக்கு உன்னைத் தெரியாது.

ஆகஸ்டு விடுப்பு கிடைக்குமா என்று தெரியவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

பெர்னி


மேரின் சிட்டி
ஆகஸ்ட் 20

அக்கா,

டெல்ஃபீன் ஆறடி உயரம் என்று போன வருஷம் நீதான் எழுதினாய். கப்பலில் தாழ்ந்த கதவு ஒவ்வொன்றிலும் தலையை இடித்துக்கொள்கிறாள் என்று ஒரு பக்கம் முழுக்க எழுதினாய். நீ ஐந்தடி இரண்டங்குலம். என் காதில் பூ சுற்றாதே.

விடுப்பு கிடைக்கவில்லை என்று ரீட்டாவின் போனில் சொல்லி வைத்திருந்தாய். என்னிடம் சொல்லவில்லை. சரி.

நேற்று ஊர்வலம். உன் சட்டப்படி நான் வுட்வர்டில் ஓட்டவில்லை. இழுவை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய், ராயல் ஓக்கில் ஒரு வாகன நிறுத்தத்தில் இறக்கி, பக்கத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஓடுகிற வண்டியை இழுவையில் கொண்டுவந்த ஒரே முட்டாள் நான்தான். ஊரே வரிசையாக உறுமிக்கொண்டு போகிறது, நான் சாண்ட்விச் தின்றுகொண்டு பட்டாணி சூப்புக்குக் காவல். போகிற வருகிறவன் எல்லாம், "ஏன் பாஸ், ஓடாதா?" என்று கேட்டான். கடைசியில் ஓடாது என்றே சொல்ல ஆரம்பித்துவிட்டேன். அது சுலபமாக இருந்தது.

ரீட்டா வீடு வரும்வரை பொறுத்திருந்தாள். வந்த பிறகு, "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல என்னதான் ஓடுது? இனி இந்த வண்டி இந்த வீட்டுல இருக்கணும்னா ஒரு பதில் வேணும்" என்றாள். எனக்கும் வேண்டும். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடு, விற்றுவிடுகிறேன். நேற்றே இரண்டு பேர் விலை கேட்டார்கள்.

உடம்பு நலமா?

நார்ப்


மேரின் சிட்டி
செப்டம்பர் 17

அக்கா,

ஒரு மாதம் ஆகப் போகிறது. நீ மூன்று தடவை எங்கள் வீட்டைத் தாண்டிப் போயிருக்கிறாய். நான் கரைக்கு வரவில்லை. ஜன்னலில் இருந்து பார்த்தேன். பின்பக்கம் யாரும் நிற்கவில்லை.

விற்பது பற்றி எழுதியதைப் பொருட்படுத்தாதே. விற்கமாட்டேன். கோபத்தில் எழுதினேன். கோபம் இன்னும் இருக்கிறது, ஆனால் இப்போது பயமும் சேர்ந்துவிட்டது. நலமாக இருக்கிறேன் என்று ஒரு வரி போடு, போதும்.

நார்ப்


ஹார்லன் டில், சுபீரியர் ஏரி
அக்டோபர் 1

அன்புள்ள தம்பி நார்பெர்ட்டுக்கு,

இதை எழுதுவது டெல்ஃபீன். அக்கா சொல்லச் சொல்ல எழுதுகிறேன். சொன்னதை அப்படியே எழுத வேண்டும், திருத்தக் கூடாது என்று உத்தரவு. அவருடைய வலது கையில் எண்ணெய் கொட்டி வெந்துவிட்டது. பயப்பட வேண்டாம், ஆறிவருகிறது. இனி அவர் சொல்வது.

நார்ப், கை ஆறிவிடும். கை பிரச்சினை இல்லை. கண். எழுதும்மா, ஏன் நிறுத்துகிறாய். கண்.

இரண்டு கண்ணிலும் நடுவில் ஒரு கறை. எதை நேராகப் பார்க்கிறேனோ அது மட்டும் தெரியாது. ஓரத்தில் இருப்பதெல்லாம் தெரிகிறது. பானைகளைப் பக்கவாட்டில் பார்த்தே சமாளித்தேன், இந்த எண்ணெய்ச் சட்டி மட்டும் ஏமாற்றிவிட்டது. போன குளிர்காலத்தில் ஆரம்பித்தது. ஜூனில் மார்க்கெட் துறைமுகத்தில் இறங்கி ஒரு டாக்டரைப் பார்த்தேன். சரியாகாது என்றார். வண்டி ஓட்டக் கூடாது, இன்றிலிருந்தே, என்றார். நடந்து திரும்பும்போது துறைமுக வாசல்வரை அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

ஏன் சொல்லவில்லை என்பாய். கம்பெனிக்குத் தெரிந்தால் அன்றே இறக்கிவிடுவார்கள். இந்த வருஷம் கப்பல் ஓடும் பருவம் முடிந்தால் முழு ஓய்வூதியம். உனக்குத் தெரிந்தால் ரீட்டாவுக்குத் தெரியும், ரீட்டாவுக்குத் தெரிந்தால் மேரின் சிட்டிக்கே தெரியும். இப்போது கேப்டனிடம் நானே சொல்லிவிட்டேன். கணக்கு எழுதும் மேசையில் உட்காரவைத்து, பருவம் முடியும்வரை இருக்கட்டும், அடுப்பு டெல்ஃபீனுக்கு என்றார். நல்ல மனிதர், காபிதான் மட்டமாக இருக்கிறது என்பார்.

(காபி நான் போடுவது. டெல்ஃபீன்.)

உன் தகடு இரண்டும் எனக்கு ஒரே சாம்பல். யாரையாவது கேட்டிருக்கலாம். கேட்டால் தெரிந்துபோகும். இடது என்று போட்டேன். பாதிக்குப் பாதி வாய்ப்பு, அதிலும் தோற்றேன். நீ பட்டாணி சூப் என்று எழுதியதை ஓரக்கண்ணால் எழுத்தெழுத்தாகப் படித்துவிட்டு, டெல்ஃபீன் பார்க்கக் கூடாது என்று குளிர்பதன அறைக்குள் போய் நின்றேன்.

ஜூலையில் பின்பக்கம் நின்றது நான்தான். கரையில் ஏதோ மின்னியது. மேரின் சிட்டி, நார்ப் வந்தாலும் வருவான் என்று அதை நேராகப் பார்த்தேன். நேராகப் பார்த்ததால்தான் நீ தெரியவில்லை. பக்கத்தில் இருந்த மரம் தெரிந்தது, ஐஸ்கிரீம் கடை தெரிந்தது. நடுவில் நீ இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. சத்தமாவது வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். அந்த வண்டியின் சத்தம் எனக்கு ஆற்றின் அந்தக் கரையில் இருந்து வந்தாலும் தெரியும். ஒன்றும் வரவில்லை. நீதான் காசை நிற்கவைக்கிற எஞ்சின் போட்டிருக்கிறாயே.

இதை நான் உன்மேல் கோபமாகச் சொல்கிறேன், நியாயம் இல்லை என்று தெரிந்தும் சொல்கிறேன். நீ கண்ணுக்குப் பழசாகவும் காதுக்குப் புதுசாகவும் ஒரு வண்டி கட்டியிருக்கிறாய். ஊருக்கெல்லாம் அது என் வண்டி. எனக்கு மட்டும் அது வேறு யாருடையதோ. அதில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, எல்லாரும் "என்ன அழகு, அப்படியே இருக்கு" என்று சொல்வதைக் கேட்டுக்கொண்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு வுட்வர்டில் போக எனக்குத் தெம்பில்லை. அதனால்தான் வரவில்லை. விடுப்பு கொடுத்தார்கள். நான்தான் எடுக்கவில்லை.

இன்னும் ஒரே ஒரு தடவை அதை வுட்வர்டில் ஓட்ட வேண்டும் என்று இருந்தது. அது போயிற்று. விற்கிறாயா, விற்றுக்கொள். மனசாரச் சொல்கிறேன்.

(மனசாரச் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் எழுதுகிறேன். டெல்ஃபீன்.)

உன் இடுப்பு எப்படி இருக்கிறது?

பெர்னி


மேரின் சிட்டி
அக்டோபர் 29

பெர்னி அக்காவுக்கும், இதைப் படித்துக்காட்டும் டெல்ஃபீனுக்கும்,

இடுப்பு போய்விட்டது. ஏன் என்று கீழே எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்ததும் கொட்டகையில் வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். பிறகு கோபம் வந்தது. எனக்கு அக்கா ஒருத்திதான், அவள் கண் போவதைக் கப்பல் கேப்டன் எனக்கு முன்னால் தெரிந்துகொள்கிறான். அந்தக் கோபம் தீரவில்லை, நேரில் வா, வைத்திருக்கிறேன்.

பிறகு எழுந்து பானெட்டைத் திறந்தேன். எவ்வளவு சுத்தமான வேலை தெரியுமா? ஒரு கம்பி வெளியே தெரியாது. எஞ்சினை ஓட்டும் கம்ப்யூட்டரைப் பழைய ஹீட்டர் பெட்டிக்குள் ஒளித்து வைத்திருந்தேன். யாரும் கண்டுபிடிக்கக் கூடாது என்றுதான் இரண்டு வருஷம் உழைத்தேன். கண்டுபிடிக்கவே முடியாத ஆளுக்கு அதைச் செய்திருக்கிறேன். சிரிப்பு வந்தது, அதுவும் நல்ல சிரிப்பு இல்லை.

எல்லாவற்றையும் கழற்றினேன். தார்ப்பாயை எடுத்து உன் பழைய எஞ்சினைத் திறந்தேன். எலி கூடு கட்டியிருந்தது. பிஸ்டன் வளையம் மாற்றி, கார்புரேட்டரைப் பிரித்து ஊறவைத்து, அதே பழைய சைலன்சர் அளவுக்குக் குழாய் வளைத்து வாங்கினேன். தூக்கி வைக்கும்போதுதான் இடுப்பு பிடித்துக்கொண்டது. பிரேக்கை மட்டும் புதுசாகவே விட்டிருக்கிறேன். திட்டினாலும் மாற்றமாட்டேன். நிற்பதற்குச் சத்தம் தேவையில்லை.

கியர்பெட்டிக்காக இப்சிலாண்டி போனேன். எல்ஜின் என்னை உள்ளே கூட்டிப்போய், கீழ்த்தளத்தில் அவர் கட்டியிருக்கிற பாரைக் காட்டினார். உன் கியர்பெட்டி அதன் நடுவில் நிற்கிறது. கம்பியை முதல் கியருக்குத் தள்ளினால் பீர் வருகிறது. அவர் வண்டி வேறு வருஷத்ததாம், அதற்குப் பொருந்தவில்லையாம், அதனால் இப்படி. "ஒரே ஒரு ஓட்டைதான் போட்டேன், சின்னது" என்றார். எனக்கு அங்கேயே அவர் கழுத்தைப் பிடிக்கத் தோன்றியது. அவர் மனைவி பீர் ஊற்றிக்கொடுத்தாள், அதுவும் அதிலிருந்தே.

"திருப்பிக் குடுங்க" என்றேன். "பார்ட்டிக்கு வர்றவன்லாம் இதப் பாக்கத்தான் வர்றான், எப்பிடிக் குடுக்கிறது?" என்றார். விலை ஏற்றிச் சொன்னேன், அசையவில்லை. கடைசியில் உன் கதையைச் சொன்னேன். சொல்லக் கூடாது என்றால் மன்னித்துக்கொள். கொஞ்ச நேரம் கம்பியைத் தடவிக்கொண்டிருந்தார். "சத்தத்த வச்சே கியர் மாத்துவாங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஸ்பானர் எடுக்கப் போனார். என் புது ஆட்டோமேட்டிக்கை வாங்கிக்கொண்டார். அதில் எங்கே பீர் வரவைப்பார் என்று தெரியவில்லை.

ஓட்டையை அடைத்துவிட்டேன். கழுவினேன், மறுபடியும் கழுவினேன். சூடானால் இன்னும் லேசாக பீர் வாசனை வருகிறது.

இப்போது வண்டி எப்படி இருக்கிறது என்று உள்ளதைச் சொல்கிறேன். குளிரில் முதல் நாலு முறை கிளம்பாது. பெட்ரோல் நாற்றம். நின்ற இடத்தில் நடுங்குகிறது, ரீட்டாவின் சமையலறை அலமாரியில் கோப்பைகள் ஆடுகின்றன. பக்கத்து வீட்டுக்காரர் இப்போது வேறு கேள்வி கேட்கிறார். "திரும்பப் பழையபடி அமைதியா ஆக்க எவ்வளவு ஆகும்?" என்கிறார். ரீட்டா கோப்பைகளை இறக்கி வைத்துவிட்டாள். நிறத்தை மட்டும் மாற்றவா என்று கேட்கச் சொன்னாள்.

நவம்பர் நடுவில் நீ கீழே வருவாய். அதே பூங்கா, அதே இடம். இந்தத் தடவை என்னை நேராகப் பார்க்காதே.

உன் தம்பி,
நார்ப்


ஹார்லன் டில், ஈரி ஏரி
நவம்பர் 19

நார்ப்,

சுகம். கை ஆறிவிட்டது, நானே எழுதுகிறேன். கோடு தாண்டிப் போனால் போகட்டும், டெல்ஃபீன் மேற்பார்வை பார்க்கிறாள்.

வியாழக்கிழமை பின்பக்கம் வந்து நின்றேன். டெல்ஃபீனும் கூட வந்தாள். குளிர், மூக்கு எரிந்தது. "வளைவு தாண்டட்டும், கார் நிக்கிதான்னு பாத்துச் சொல்றேன்" என்றாள். "நீ சொல்ல வேணாம், வாய மூடிக்கிட்டு நில்லு" என்றேன். பாவம், நின்றாள்.

வளைவு தாண்டுவதற்கு முன்பே கேட்டுவிட்டது. கப்பல் எஞ்சினுக்கும் காற்றுக்கும் மேலே, அந்த உறுமல், அந்தத் தடுமாற்றம், எல்லாம். கப்பல் ஓரத்துக் கம்பியைப் பிடித்திருந்த என் வலது கை தானாகத் தள்ளிவிட்டது, முதல், இரண்டு, மூன்று. நீ நின்ற இடத்திலேயே மிதித்துக்கொண்டிருந்தாய், நான் ஆற்றில் கியர் மாற்றிக்கொண்டிருந்தேன். டெல்ஃபீன் அழுதாள். நான் அழுததையும் எழுதச் சொல்வாள் என்று பார்த்தேன், அவள் சும்மா இருக்கிறாள், அதனால் நானே உண்மையை எழுதுகிறேன். அழுதேன். கேப்டன் மேலே இருந்து கப்பல் ஊதலை நீளமாக ஊதினாரே, அது உனக்குத்தான். கையைத் தூக்கினேன், கவனித்தாயா? நீ எங்கே இருந்தாய் என்று எனக்குத் தெரியும்.

நிறத்தை மாற்றாதே. பட்டாணி சூப்பாகவே இருக்கட்டும். பார்க்கிறவர்கள் கஷ்டம் அது, எனக்கென்ன.

ஜனவரியில் கப்பல் கட்டிப்போட்டதும் இறங்கிவிடுகிறேன். ரீட்டாவிடம் பின்னறையைக் காலிசெய்யச் சொல். ஆகஸ்டில் வுட்வர்ட். சட்டத்தைத் திருத்துகிறேன், எழுதி வைத்துக்கொள்: ஸ்டீயரிங்கும் பெடலும் உனக்கு, கியர் கம்பி எனக்கு. அது நடுவில்தானே இருக்கிறது, உனக்கு வலது பக்கத்து இருக்கையில் இருந்து என் இடது கைக்கு எட்டும். இடது கைக்கு இப்போதிருந்தே சொல்லிக்கொடுக்கிறேன். நான் "மிதி" என்றால் கிளட்சை மிதிக்க வேண்டும், ஏன் என்று கேட்கக் கூடாது. சிவப்பு விளக்கில் எவனாவது பக்கத்தில் வந்து நின்றால் எனக்குச் சொல்.

இடுப்பைக் காட்டினாயா? காட்டு.

பெர்னி

மறந்துவிட்டேன். இடது வரிசையில் ஒரு சிலிண்டர் தயங்குகிறது, பின்னால் இருப்பது என்று நினைக்கிறேன். ஆற்றின் நடுவிலேயே கேட்டது. ப்ளக்கை மாற்று.